கல்லின் கலரை முடிவு செய்வது பூமியா, உலையா?

ஆய்வகத்தில் வளர்த்த கெம்பு என்றாலே, “அது டூப்ளிகேட்” என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். குழப்பமே இங்கேதான். கண்ணாடிக்குச் சாயம் ஏற்றி கெம்பு என்று விற்றால் அது போலி. ஆய்வகக் கெம்பு அப்படி இல்லை. சுரங்கத்தில் கிடைப்பதும் அலுமினியம் ஆக்சைடுதான். உலையில் வளர்வதும் அதேதான்.

கலர் எங்கிருந்து வருகிறது?

சுத்தமான அலுமினியம் ஆக்சைடு படிகத்துக்கு நிறமே கிடையாது. சுமார் 1 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் துளியளவு சேர்ந்தால் நீலம்.

பிரெஞ்சு வேதியியலாளர் ஆகஸ்ட் வெர்னேய் 1902-ல் தன் முறையை அறிவித்தார். ஆக்சிஜன் - ஹைட்ரஜன் சுடர் வழியாக அலுமினா தூள் விழும். 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் உருகி, கீழே படிந்து படிகமாக வளரும். சில மணி நேரத்தில் கெம்பு ரெடி.

நீலம் மட்டும் லேசில் மசியவில்லை. கோபால்ட் சேர்த்துப் பார்த்தார்கள்; அது படிகத்துக்குள் சீராகப் பரவவில்லை. இரும்பு - டைட்டானியம் ஜோடிதான் ரகசியம் என்று பிடிபட இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

உலைக் காற்றின் வேலை

சேர்மானம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உலைக்குள் ஆக்சிஜன் குறைவாக இருந்தால், இரும்பு அணு ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும். ஒளி பட்டதும் அது பக்கத்து டைட்டானியத்துக்குத் தாவும். அந்தத் தாவலுக்கு மஞ்சள், சிவப்பு ஒளி செலவாகிவிட, மிச்சம் தெரிவது நீலம். ஆக்சிஜன் கூடினால் இரும்பு அந்த எலக்ட்ரானை இழந்துவிடும், நீலமும் வெளுத்துவிடும். சேர்மானம் அதேதான், காற்று மட்டும்தான் வேறு!

பூமியில் தோண்டி எடுத்த கல்லுக்கும் இது பொருந்தும். இலங்கையில் கிடைக்கும் பால் போல மங்கிய ‘கெவுடா’ கற்களை ஒரு காலத்தில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிப்போய் உலையில் சூடேற்றினார்கள். கல்லுக்குள் ஊசி ஊசியாக இருந்த டைட்டானியம் ஆக்சைடு கரைந்தது. பால் நிறம் போய் நீலம் வந்தது.

அப்போ எது தப்பு?

ஆய்வகக் கல்லை வாங்குவது தப்பில்லை. சூடேற்றிய கல்லை வாங்குவதும் தப்பில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு. வேதியியல் ஒன்றாக இருக்கலாம், விலை ஒன்றல்ல. சூடேற்றாமலேயே நல்ல நீலத்தோடு கிடைக்கும் கல் அரிது. அதன் விலை தனி.

“எல்லாத்தையும் சொன்னா கஸ்டமர் பயந்துடுவாங்க” என்பது வியாபாரிகளின் வாதம். ஆனால் வாங்குபவரால் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெர்னேய் முறைக் கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகள் இருக்கும்; இயற்கைக் கல்லில் அவை நேராக இருக்கும். அதைப் பார்க்கவே உருப்பெருக்கியும் பயிற்சியும் வேண்டும். சூடேற்றியதைக் கண்டறிய பெரும்பாலும் பரிசோதனைக் கூடம்தான் கதி.

ஆகவே தெரிந்தவர் சொல்லியாக வேண்டும், அதுவும் வாய்வார்த்தையாக அல்ல. ஆய்வகத்தில் வளர்ந்ததா, சூடேற்றப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பில்லிலேயே பதில் இருக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குக் கொடுப்பவர், அந்த இரண்டு வரிகளைக் கேட்டு வாங்கக் கூச்சப்படத் தேவையில்லை.