விசிறி முனகினால் சும்மா இருக்காதீர்கள்!

நடு இரவு. வீடு அடங்கி விட்டது. ஆனால், தலைக்கு மேலே விடாமல் ஒரு முனகல். குழந்தை புரண்டு புரண்டு படுக்கிறது. தாத்தாவுக்குத் தூக்கம் வரவில்லை.

"பழைய மின்விசிறி, அப்படித்தான் இருக்கும்" என்று சிலர் பொறுத்துக் கொள்கிறார்கள். "தூக்கிப் போட்டு விட்டுப் புதிது வாங்கு" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சிறிய சோதனை

விசிறி வேகமாக ஓடும்போது சுவிட்சை நிறுத்துங்கள். இறக்கை இன்னும் கொஞ்ச நேரம் சுற்றும். அப்போது கவனியுங்கள்.

சத்தம் உடனே நின்று விட்டதா? அது மின்சாரத்தால் வந்த சத்தம். இறக்கை சுற்றும் வரை சத்தமும் தொடர்கிறதா? பேரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது எங்காவது திருகு தளர்ந்திருக்கலாம்.

முனகல் ஏன்?

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறி ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் மோட்டாரின் காந்தம் இரண்டு தடவை இழுக்கிறது. ஆக, வினாடிக்கு 100 அதிர்வு! நல்ல மோட்டாரில் இது காதில் விழாது.

சில எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பி வேகத்தைக் குறைக்கின்றன. அதனால் முனகல் கூடும். விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். முனகல் அடங்கினால், விசிறி மேல் குற்றம் இல்லை. கன்டென்சர் வைத்த ரெகுலேட்டரை மாட்டினால் போதும்.

பேரிங் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். புஷ் வைத்த மேஜை விசிறி என்றால், இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக் கொள்ளும்.

இது ஆபத்து!

விசிறி முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை. சிலர் கம்பால் இறக்கையைத் தள்ளி ஓட வைக்கிறார்கள். கூடவே கூடாது! உடனே சுவிட்சை நிறுத்துங்கள். கன்டென்சர் கெட்டிருக்கலாம். அப்படியே விட்டால் காயில் சூடேறிக் கருகி விடும். கழற்றிப் பார்ப்பதை வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

அவரிடம் "விசிறி சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது சத்தம் வருகிறது, எப்போது நிற்கிறது என்று சொல்லுங்கள். வேலையும் சுருங்கும், செலவும் குறையும்.

அழுகிற பிள்ளைக்குப் பசியா, வயிற்று வலியா என்று தாய் பார்க்கிறாள். மோட்டாரின் அழுகையையும் அப்படிப் பாருங்கள். பணம் மிஞ்சும். தூக்கமும் வரும்!