வெள்ளி பூசினால் விருத்தாசலம் விடியுமா?

விருத்தாசலம் என்றதும் பலருக்கு ரயில் ஜங்ஷனும் பழமலைநாதர் கோயிலும்தான் ஞாபகம் வரும். பீங்கான் தொழிற்பேட்டை அதற்கப்புறம்தான்! அகல் விளக்கு, பொம்மை, இன்சுலேட்டர் என்று காலம் காலமாகச் செய்கிறார்கள். செராமிக் படிப்புக்கென்றே அரசு கல்வி நிலையம் இருக்கிறது. களிமண்ணுக்குப் பக்கத்திலேயே நெய்வேலி. ஆனால் அகல் விளக்கில் எவ்வளவு லாபம் வைக்க முடியும்?

அதனால்தான் சிலிக்கா-வெள்ளி நானோ கலவையைப் பற்றி அந்த ஊர் யோசிக்க வேண்டும். ஐப்பசி மழை முடிந்ததும் குளியலறை மூலையில் கறுப்பாகப் படர்கிறதே பூஞ்சை, அதற்கு வெள்ளி எதிரி. ஈரம் பட்டால் வெள்ளி அயனிகள் கசிந்து பூஞ்சையின் செல்லைக் கெடுக்கின்றன. நானோ வெள்ளியைத் தனியாக விட்டால் திரண்டு கட்டியாகிவிடும். சிலிக்காவின் மேல் ஏற்றினால் பிரிந்து நிற்கும், மெதுவாகவும் கசியும். 2009-ல் வந்த டாடா ஸ்வச் தண்ணீர் வடிகட்டியில் இருந்ததும் இதே ஜோடிதான்: நெல் உமிச் சாம்பலும் (பெரும்பகுதி சிலிக்கா) நானோ வெள்ளியும். கடலூர் மாவட்டத்தில் உமிக்கா பஞ்சம்?

சிக்கல் சூளையில் இருக்கிறது. வெள்ளி 961 டிகிரியில் உருகிவிடும். போர்சலின் வேக 1200-க்கு மேல் வேண்டும். கிளேஸில் கலந்து சுட்டால் நானோ துகள் நானோவாக இருக்காது. சுட்ட பிறகு பூசி, குறைந்த சூட்டில் இன்னொரு முறை ஏற்ற வேண்டும். அதாவது விறகோ கேஸோ, இரண்டாவது செலவு. காமர்ஸ் படிப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று, "பூஞ்சை வராது" என்று லேபிள் ஒட்டிவிட்டால் போதாது. பூஞ்சையின் செல் பாக்டீரியாவை விட மனித செல்லுக்கு நெருக்கமானது. அதைக் கொல்கிற அளவு நமக்கும் ஆகாமல் போகலாம். துணிகளில் சேர்க்கும் ஒரு சிலிக்கா-வெள்ளிக் கலவைக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை 2011-ல் நிபந்தனையோடு அனுமதி தந்தது. 2013-ல் நீதிமன்றம் அதில் ஒரு பகுதியை ரத்து செய்தது. காரணம் வேடிக்கையானது. துணியைச் சப்பும் குழந்தைக்கான பாதுகாப்புக் கணக்கு 1000-ஐத் தாண்ட வேண்டும் என்பது முகமையின் சொந்த விதி. வந்த விடை சரியாக 1000!

ஆகவே டீ கப்பில் ஆரம்பிக்க வேண்டாம். வாய் படாத வாஷ் பேசின், கழிவறைப் பீங்கான் போதும். பூச்சு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, இரண்டிலும் பூஞ்சையை விட்டு, நூறு முறை கழுவிய பிறகும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையை அந்தக் கல்வி நிலையத்து மாணவர்களின் ப்ராஜெக்டாகவே கொடுக்கலாம்.