வறண்ட ஊருக்கும் வடிகால் வேண்டும்

தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் மழை குறைந்துபோகும் மழை மறைவுப் பகுதியில் திண்டுக்கல் சமவெளி அமைந்திருப்பதைக் காட்டி, இங்குள்ள சந்தைத் திடல்களுக்கும் திருமண மண்டபங்களின் வாகன நிறுத்துமிடங்களுக்கும் வடிகால் வீண் செலவு என்று கருதும் நம்பிக்கை பரவலாக வேரூன்றியிருக்கிறது. தளம் பெயர்ந்தால் தாரின் தரத்தைக் குறைகூறிவிட்டு, அதன்மேல் இன்னோர் அடுக்குத் தார் போடுவதே தீர்வென்று கொள்ளப்படுகிறது. இந்நம்பிக்கை முற்றிலும் தவறானது. இதற்காகச் செலவாகும் பணத்தில் பெரும்பங்கு பொதுமக்களுடையது என்பதால் இதைக் கண்டிக்காமல் விட முடியாது.

ஆண்டு மழையின் அளவைவிட, பெய்த நீர் தளத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே தளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. திண்டுக்கல்லின் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில நாட்களில் கொட்டிவிடுகிறது. ஒரே மாலையில் 50 மில்லிமீட்டர் பெய்தால், 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள தளத்தில் 50,000 லிட்டர் நீர் சேர்கிறது. அதற்கு முந்தைய நீண்ட வறட்சிக் காலம் முழுவதும் மணலும் பிளாஸ்டிக் பைகளும் கட்டட இடிபாடுகளும் வடிகாலை அடைத்துக்கொண்டே வந்திருப்பதால், வறண்ட ஊரில்தான் தூர்வாரும் பணி அதிகம் தேவைப்படுகிறது.

தேங்கிய நீர் விரிசல் வழியே இறங்கி, ஜல்லியைப் பற்றியிருக்கும் தார்ப்படலத்தைக் கல்லிலிருந்து பிரித்துவிடுகிறது. பொறியாளர்கள் இதை உரிதல் என்பர். கனமான வாகனத்தின் சக்கரம் ஏறும்போது, அடியில் அடைபட்ட நீர் அழுத்தத்திற்கு உள்ளாகி, நுண்மண்ணைக் கரைத்துக்கொண்டு விரிசல் வழியே பீறிட்டு வெளியேற, தளத்தின் கீழ் வெற்றிடம் உண்டாகிறது. அடியில் கரிசல் மண் இருக்குமானால், அது நனைந்து உப்பியும் கோடையில் சுருங்கி வெடித்தும் தளத்தை மேலும் குலைக்கிறது. சுமையைத் தாங்குவது இயற்கை மண்ணே என்றும், அதை நீர் அண்டாமல் காப்பதே சாலை அமைப்பின் அடிப்படை என்றும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜான் லவுடன் மெக்காடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வலியுறுத்தினார்.

புதிய தார் அடுக்கு இந்த ஈரத்தை வெளியேற்றுவதில்லை, மூடிவைக்கிறது. தளத்தின் மட்டத்தை உயர்த்தி, வடிகாலின் வாயை அடைத்து, நீரைப் பக்கத்துக் கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் திருப்பிவிடுகிறது. தமிழகச் சாலைகளில் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியதற்கு இவ்வாறு மட்டம் உயர்ந்துகொண்டே போனதே காரணம்.

குடிநீருக்கு அலையும் ஊரில் நீரை வெளியேற்றுவது தகுமா என்ற எதிர்வாதம் மதிக்கத்தக்கது. ஆனால் தளத்தின் அடியில் சிக்கிய நீர் கிணற்றுக்கும் உதவாமல் தளத்தையும் கெடுக்கிறது. அதே நீரை வடிகால் வழியே மணல் வடித்து, தளத்தின் ஓரத்திலிருந்து தள்ளி அமைத்த உறிஞ்சுகுழியில் விட்டால் நிலத்தடி நீர் உயரும். 2003 முதல் தமிழகக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பின் நோக்கமும் இதுவே.

கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் சரிவு, 10 மீட்டருக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இருந்தாலே நீர் ஓடிவிடும். தளம் போடும்போது அந்த வாட்டத்தை அளந்து பார்க்காமல் ஒப்பந்தத் தொகை வழங்கப்படக் கூடாது. ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் வடிகாலைத் தூர்வாரி, விரிசல்களைத் தாரால் அடைக்கும் செலவு, தளம் போடும் மதிப்பீட்டிலேயே தனி இனமாக இடம்பெற வேண்டும்.