மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் போதுமா?

தம்மம்பட்டியில் மருந்தடிக்கும் மெஷின், களை எடுக்கும் மெஷின் ரிப்பேர் பார்ப்பது என் பிழைப்பு. மக்காச்சோளத்தில் படைப்புழு தலைகாட்டினால் போதும், பட்டறை வாசலில் வரிசை நிற்கும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் தேய்மானம் எதுவும் இருக்காது. போன பட்டத்தில் ஊற்றிய பெட்ரோல் டேங்கிலேயே கிடக்கும், அவ்வளவுதான் நோய்.

பெட்ரோல் நெல் மாதிரி குதிரில் கொட்டி வைக்கிற சரக்கு அல்ல. இரண்டு மூன்று மாதத்தில் சட்டென்று பற்றும் பகுதி ஆவியாகப் போய்விடும். மிச்சம் கார்ப்பரேட்டருக்குள் பிசினாகப் படியும். அதில் பெட்ரோல் பாயும் ஜெட்டின் துளையோ ஊசி நுழையும் அளவுதான். அதை அடைக்க எவ்வளவு பிசின் வேண்டும்? 2023 முதல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் இன்னொரு சங்கடமும் உண்டு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜின் உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. தினமும் ஓடுகிற பைக்குக்கு இந்தத் தொல்லை குறைவு.

"அதான் மாசம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி உடறனேங்க" என்பார்கள். எனக்குச் சண்டையே அதில்தான். ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் உறும விட்டால் இன்ஜின் சரியாகச் சூடேறாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் முழுசாக எரியாமல் பிளக்கை நனைக்கும், சைலன்சரில் கரி கட்டும். புகையோடு வரும் நீராவி உள்ளேயே குளிர்ந்து துருவுக்கு வழி செய்யும். அணைத்ததும் அதே பழைய பெட்ரோல்தான் ஜெட்டில் நிற்கும். காட்டு வேலை முடிந்துவிட்டதா? டேங்கை வடியுங்கள். கார்ப்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓட விடுங்கள். அப்புறம் அடுத்த பட்டம் வரை தொடவே வேண்டாம்.

வெள்ள மீட்புப் படகின் அவுட்போர்டு மோட்டாரும் இதே ரகம்தான். மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. அந்த மாதிரி நேரத்தில் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? தொட்டித் தண்ணீரில் உறும விட்டு 'ஓடுது' என்று எழுதி வைப்பது சோதனை ஆகாது. மழைக்காலத்துக்கு முன்பே புதுப் பெட்ரோல் ஊற்றி, ஏரியில் ஆளேற்றி, முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வேளாண் பொறியியல் துறை மானியத்தில் களை எடுக்கும் பவர் வீடர் தருகிறது. நல்ல காரியம். கையெழுத்து வாங்கி போட்டோ எடுக்கும் நேரத்திலேயே, பெட்ரோல் மெஷின் வாங்குபவருக்கு டேங்கை வடிக்கும் விதத்தை ஒருவர் செய்து காட்டலாம். பத்து நிமிடம்கூட ஆகாது. பங்க்குகளும் எத்தனால் எத்தனை சதவீதம் என்பதைத் தமிழில், விலைப் பலகை அளவுக்குப் பெரிதாக எழுதி வைக்கட்டும். இதனால் என் பட்டறைக்குக் கூட்டம் குறையும். பரவாயில்லை, கத்தி மாற்றவும் பெல்ட் மாற்றவும் ஆள் வராமலா போவார்கள்?