ஷோரூம்ல பூனை, சந்தையில புலி!

கொல்லிமலைக்கு பைக்ல போயிருக்கீங்களா? காரவள்ளி அடிவாரம் தாண்டினா 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு. நம்ம செட்ல எவனாவது ஒருத்தன் பத்தாவது வளைவுக்குள்ள கண்டிப்பா சொல்லுவான்: "மச்சி, இந்த ரோட்டுல மட்டும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கையில இருந்தா..!" அப்படியே முப்பதாவது வளைவு வரைக்கும் கனவு ஓடும்.

மேல ஏறினதும் அந்தக் கனவு ஆசாமி என்ன பண்ணுவான்? சோளக்காடு சந்தையில வண்டியை நிறுத்திட்டு, ஒரு அம்மாகிட்ட பலாப்பழம் விலை கேட்பான். அவங்க 150 ரூபானு சொன்னா இவன் 80-ல ஆரம்பிப்பான். போற மாதிரி நாலு அடி நடப்பான், திரும்பி வருவான். கடைசியில 90-க்கு முடிச்சுட்டு, ஏதோ உலகக் கோப்பை ஜெயிச்ச மாதிரி நம்மளைப் பார்ப்பான்.

அதே ஆளு வேலைக்குப் போய் ரெண்டு வருஷத்துல கார் ஷோரூமுக்குப் போறான்னு வைங்க. ஏ.சி. காத்து, கையில காபி, எதிர்ல டை கட்டின ஒருத்தர். "ஆன்-ரோடு 12 லட்சத்து 80 ஆயிரம் சார்"னு ஒரு பேப்பர் நீட்டுவார். நம்ம புலி அதுல கையெழுத்து போட்டுட்டு வெளியில வந்து செல்ஃபி எடுக்கும். அறுபது ரூபாய்க்கு சண்டை போட்ட வாய், அறுபதாயிரத்துக்குத் திறக்கவே திறக்காது. ஏன் பாஸ்?

காரணம் சிம்பிள். சந்தையில பழம் ஒண்ணு, விலை ஒண்ணு. ஷோரூம்ல நீட்டுற பேப்பர்ல இருக்கிறது ஒரு விலை இல்லை, பத்து விலைகளோட கூட்டுத்தொகை. மொத்தத்தை மட்டும் பார்த்தா தலை சுத்தும். வரி வரியா பிரிச்சா மேட்டர் ஈஸி.

பேப்பரைப் பிரிப்போமா?

அமெரிக்காவுல 1958-ல ஒரு சட்டமே போட்டாங்க. புது கார் கண்ணாடியில, கம்பெனி சொல்ற விலையையும் கூடுதல் ஐட்டங்களோட விலையையும் தனித்தனியா எழுதி ஒட்டணும். அதைக் கொண்டு வந்த செனட்டர் மன்ரோனி பேர்லயே அந்த ஸ்டிக்கரை இன்னிக்கும் கூப்பிடுறாங்க. நம்ம ஊர்ல அந்த ஸ்டிக்கர் கிடையாது. அதனால கொட்டேஷனை லைன் பை லைன் எழுதி வாங்குறது நம்ம வேலை.

முதல் லைன் எக்ஸ்-ஷோரூம் விலை. ஜி.எஸ்.டி. இதுக்குள்ளயே இருக்கு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன கார்களுக்கு 18 சதவிகிதம், பெரிய கார்களுக்கு 40. பைக் ஆசை உள்ளவங்களுக்கு: 350 சி.சி. வரைக்கும் 18, அதுக்கு மேல 40.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல விகிதத்தை உயர்த்தினாங்க. கார் 5 லட்சத்துக்குள்ளன்னா 12 சதவிகிதம், 10 லட்சம் வரைக்கும் 13, 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கும் மேலன்னா 20. அப்புறம் 10 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு 1 சதவிகிதம் டி.சி.எஸ். பிடிப்பாங்க. இதைப் பல பேர் செலவுனு நினைச்சு மறந்துடுறாங்க. இது உங்க வருமான வரிக் கணக்குல வரவு. ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது கேட்டு வாங்கிக்கலாம்.

வரியில பேரம் கிடையாது. சச்சினுக்கே கிடையாது! 2002-ல பிராட்மேனோட 29 டெஸ்ட் சதங்களை அவர் சமன் பண்ணினதுக்காக ஃபியட் கம்பெனி ஒரு ஃபெராரி 360 மொடேனா பரிசா கொடுத்துச்சு. இறக்குமதி வரி மட்டும் 1.13 கோடி. மத்திய அரசு அதைத் தள்ளுபடி பண்ண, நாடு முழுக்க சர்ச்சை, கோர்ட்டுல பொதுநல வழக்கு. கடைசியில ஃபியட்டே அந்த வரியைக் கட்டிடுச்சு. ஸோ, வரி லைனைத் தொட்டு நேரத்தை வீணாக்காதீங்க.

விளையாட்டு ஆரம்பிக்கிறது அதுக்கு அப்புறம்தான். இன்ஷூரன்ஸ், ஆக்சசரீஸ் பேக், எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி, அப்புறம் 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்', 'டாக்குமென்டேஷன்'னு விதவிதமான பேர்கள். இதுல எதையும் அரசாங்கம் வசூல் பண்ணலை. எது எதுக்குனு கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

ஒரு மிளகு விவசாயி ஷோரூமுக்குப் போனார்

எங்க காலேஜ் சீனியர் அண்ணா ஒருத்தர் கொல்லிமலைக்காரர். வீட்டுல முதல் பட்டதாரி. அப்பா மலையில மிளகும் காபியும் போட்டிருக்கார். அண்ணா வேலைக்குப் போய் மூணு வருஷம் சேர்த்து, கொஞ்சம் ஸ்போர்ட்டியான ஒரு டர்போ ஹேட்ச்பேக் வாங்க முடிவு பண்ணினார். முன்பணத்துல ஒரு பங்கு அப்பாவோட மிளகுக் காசு. அதனால கீழ இருக்குற ஷோரூமுக்கு அவரையும் கூட்டிட்டுப் போனார்.

அப்பா வண்டியை ஒரு சுத்து பார்த்தார். அப்புறம் பேப்பரைக் கேட்டு வாங்கினார். விரலை வெச்சு ஒவ்வொரு லைனா, "ஏந்தம்பி, இது எதுக்குங்க?"

"அது ஹேண்ட்லிங் சார்ஜ்ங்க ஐயா, 12,000."

"வண்டி உங்க கொட்டகையில நின்னதுக்கு நாங்க வாடகை தரணுங்களா?"

சேல்ஸ் தம்பி சிரிச்சுட்டார். அந்த லைன் போச்சு. ஆக்சசரீஸ் பேக் 28,000. அப்பா, "இதுல எது இல்லாம வண்டி ஓடாதுங்க?"னு கேட்டார். கால் மிதி மேட் மட்டும் எடுத்துக்கிட்டாங்க, 4,000. இன்ஷூரன்ஸ் 52,000-னு போட்டிருந்தது. அண்ணா ஏற்கெனவே வெளியில அதே கவரேஜுக்கு 39,000-க்கு கொட்டேஷன் வாங்கி வெச்சிருந்தார். அதைக் காட்டினதும் அதே விலைக்கு இறங்கி வந்தாங்க. கடைசியா அண்ணா, "இந்த வண்டி எந்த மாசம் தயாரிச்சது?"னு கேட்டார். மூணு மாசமா யார்டுல நிக்கிற வண்டி. அதுக்கு 20,000 கேஷ் டிஸ்கவுன்ட்.

கூட்டிப் பாருங்க. 12 பிளஸ் 24 பிளஸ் 13 பிளஸ் 20. மொத்தம் 69,000 ரூபா. அண்ணா அப்புறமா சொன்னது: "அந்த வருஷம் எங்கப்பாவுக்குக் கிடைச்ச விலையில அது நூறு கிலோ மிளகுடா."

அந்த ஐயாவுக்கு எப்படி இது வந்துச்சு? யாரும் கோச்சிங் கொடுக்கலை. வருஷக்கணக்கா சந்தையில மிளகு போடும்போது, ஈரத்துக்கு இவ்ளோ கழிவு, சாக்குக்கு இவ்ளோ கழிவு, தூசிக்கு இவ்ளோனு அவர்கிட்ட பிடிச்சிருக்காங்க. 'கழிவு' எந்தப் பேர்ல வந்தாலும் அவருக்கு முகம் தெரியும். பேர்தான் இங்கிலீஷ்ல இருந்துச்சு!

யாரால காத்திருக்க முடியும்?

"அப்போ இவ்ளோ தெரிஞ்ச மனுஷன் சந்தையில ஏன் மிளகுக்கு நல்ல விலை வாங்க முடியலை?"னு நான் அண்ணாகிட்ட கேட்டேன். அவர் பதில்தான் இந்த வாரக் கட்டுரையே. "மூட்டையைத் திருப்பி மேல தூக்கிட்டுப் போக முடியாதுல்ல."

பேரத்தோட மொத்த ஃபார்முலாவும் இதுதான் ஃப்ரெண்ட்ஸ். யாரால காத்திருக்க முடியுமோ, விலை அவங்க கையில. பழுத்த பலா நாளைக்கு வரைக்கும் தாங்காது. அதை வெச்சிருக்கிறவர் இன்னிக்கே வித்தாகணும். காரும் சில நேரம் பழுத்த பலாதான்.

ஃபோக்ஸ்வேகன் கதையைக் கேளுங்க. 2016 நவம்பர்ல போலோவோட ஸ்போர்ட்ஸ் வெர்ஷனான ஜி.டி.ஐ. மாடலை இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. மொத்தமே 99 வண்டி. விலை 25.65 லட்சம், அதுவும் எக்ஸ்-ஷோரூம். 'போலோவுக்கு இவ்ளோவா?'னு ஆளுங்க தயங்கினாங்க. அடுத்த வருஷமே விலையை 19.99 லட்சத்துக்கு இறக்கினாங்க. யாரும் கெஞ்சலை, காத்திருந்தவங்களுக்கு அஞ்சரை லட்சத்துக்கு மேல மிச்சம். அதே கம்பெனி 2025 மே மாசம் கோல்ஃப் ஜி.டி.ஐ. கொண்டு வந்துச்சு. விலை 52.99 லட்சம். முதல்ல ஒதுக்கின 150 வண்டியும், விலை அறிவிக்கிறதுக்கு முன்னாடியே புக்கிங்ல காலி! அங்க போய் "ஏதாவது பார்த்துப் போடுங்க"னு சொன்னா சிரிப்பாங்க. வண்டியும் ஜி.டி.ஐ., கம்பெனியும் ஒண்ணு. வித்தியாசம், யார் காத்திருந்தாங்கங்கிறது மட்டும்தான்.

அடிவாரத்துல இருக்குற நாமக்கல்லுக்கு இது அத்துப்படி. அங்க முட்டைக்கு 'நெக்' அமைப்பு விலை அறிவிக்கும். ஆனா வியாபாரிங்க அதுல இத்தனை காசு 'மைனஸ்'னு குறைச்சு வாங்குறது ரொம்ப காலப் பழக்கம். முட்டையையும் ரொம்ப நாள் அடுக்கி வைக்க முடியாதே! அறிவிச்ச விலை ஒண்ணு, கை மாறுற விலை இன்னொண்ணு.

சரி, நீங்க போகும்போது..?

முதல் வேலை, ஒரே மாடலுக்கு மூணு டீலர்கிட்ட லைன் பை லைன் கொட்டேஷன் வாங்குங்க. வாய்வார்த்தை வேண்டாம், எழுத்துல இருக்கணும்.

மாசக் கடைசி, காலாண்டுக் கடைசி, டிசம்பர்... இந்த மூணும் டீலருக்கு டார்கெட் அழுத்துற நேரம். டிசம்பர்ல தயாரிச்ச வண்டி ஜனவரி பிறந்தா 'போன வருஷத்து வண்டி' ஆகிடும். தயாரிப்பு மாசமும் வருஷமும் ஆர்.சி.யில ஏறும், ரீசேல்ல விலையைக் குறைக்கும். அந்தக் குறையை இப்பவே தள்ளுபடியா கேளுங்க. ஆனா நாலஞ்சு வருஷத்துல விக்கிற ஐடியா இருந்தா கொஞ்சம் யோசிங்க.

இன்ஷூரன்ஸை ஷோரூம்லயேதான் போடணும்னு கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பர்ல இருந்து புது காருக்கு மூணு வருஷம், பைக்குக்கு அஞ்சு வருஷம் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். அதை எந்தக் கம்பெனியில எடுக்குறதுங்கிறது உங்க இஷ்டம். ரெண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது கவரேஜும், வண்டிக்குப் போட்டிருக்குற மதிப்பும் ஒண்ணா இருக்கானு பாருங்க.

பெரிய பொறி இ.எம்.ஐ. "மாசம் எவ்ளோ சார் உங்களால முடியும்?"னு கேட்டா உஷார். 8 லட்சம் கடன், 9.5 சதவிகித வட்டினு வெச்சுக்கோங்க. அஞ்சு வருஷம்னா மாசம் சுமார் 16,800. ஏழு வருஷம்னா சுமார் 13,075. 'அட, குறைஞ்சுடுச்சே!' இல்லை பாஸ், மொத்தமா கட்டுறது கிட்டத்தட்ட 90,000 ரூபா கூடிடும். பாடுபட்டுக் குறைச்ச 69,000-ஐ இங்க ஒரு கையெழுத்துல திருப்பிக் கொடுத்துடலாம்! முதல்ல வண்டி விலையை முடிங்க, கடன் பேச்சு அப்புறம்.

முக்கியமா, எழுந்து வர ரெடியா இருங்க. "யோசிச்சு சொல்றோம்ங்க"னு சொல்லிட்டு நிஜமாவே யோசிங்க. அட்வான்ஸ் கட்டின நிமிஷத்துல இருந்து உங்க மூட்டையும் மலையிறங்கினதுதான். இன்னொண்ணு, எதிர்ல இருக்குற சேல்ஸ் தம்பி நேத்து வரைக்கும் நம்மளை மாதிரி காலேஜ்ல பெஞ்சு தேய்ச்சவர்தான். அவருக்கும் டார்கெட் இருக்கு. கேள்வி கறாரா இருக்கலாம், குரல் மரியாதையா இருக்கட்டும்.

கடைசியா ஒரு மேட்டர். காத்திருக்க முடிஞ்சவங்க கையிலதான் விலைனு பார்த்தோம்ல? ஷோரூம்கிட்ட குடோன் இருக்கு, பேங்க் இருக்கு, அடுத்த மாசம் இருக்கு. அவங்ககிட்ட பேரம் பேசினா அது சமமான ஆட்டம். சோளக்காட்டுல பலாப்பழத்தோட உக்காந்திருக்குற அந்த அம்மாகிட்ட என்ன இருக்கு? சாயங்காலத்துக்குள்ள விக்கணும், இல்லைன்னா சுமந்துட்டுப் போகணும். அவங்களால காத்திருக்க முடியாதுனு தெரிஞ்சு நாம நாலு அடி நடந்து காட்டுறதுக்குப் பேர் திறமையா?

ஸோ, அடுத்த தடவை 70 வளைவு ஏறிப் போறப்ப, கனவு கார்ல போனாலும் சரி, ஃப்ரெண்டோட பைக்ல போனாலும் சரி, அந்த அம்மா 150-னு சொன்னா 150 கொடுத்துட்டு வாங்க. வீரத்தை மிச்சம் வெச்சுக்கோங்க... ஷோரூம்ல தேவைப்படும்!