தந்தச் சிம்மாசனமா, தந்த சிம்மாசனமா?

தலைப்பைக் கண்டதும் தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் சிவப்பு மையைத் தேட வேண்டா. ஒற்று மிகுந்தால் அது யானைத் தந்தத்தால் இயன்ற சிம்மாசனம். மிகாவிட்டால் ஒருவர் மற்றொருவருக்குத் தந்த சிம்மாசனம். இவ்விரு பெயரும் சூட்டப்பெற்ற ஒரு பொருள் இங்கிலாந்தில், விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. முதற்பெயரில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவதைத்தான் ஏற்க மனம் வரவில்லை.

1850ஆம் ஆண்டையொட்டித் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, விக்டோரியா அரசிக்குத் தந்தத்தால் ஆன சிம்மாசனமும் கால்மணையும் அனுப்பினார். யானை உருவங்களும் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையும் செதுக்கி, மணிகள் பதித்த வேலைப்பாடு. 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அதை வைத்தார்கள். நிறைவு விழாவில் அரசியின் கணவர் ஆல்பர்ட் அதில் அமர்ந்தார். 1876இல், இந்தியப் பேரரசி என்னும் பட்டத்தையொட்டி, விக்டோரியாவே அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். இது யாரோ அயலார் கதை என்று ஒதுக்க முடியாது. கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் அவை திருவிதாங்கூர் மண்.

நிற்க. தந்தத்தில் அதிகாரச் சின்னம் செய்த வேறொரு மக்களைப் பார்ப்போம். ஆப்பிரிக்காவில் காங்கோ ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் வாழ்பவர்கள் காங்கோ இனத்தார். (நம் கொங்கு நாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டா!) இன்று அங்கோலா, இரண்டு காங்கோக் குடியரசுகள் என அவர்கள் மண் பிரிந்து கிடக்கிறது. 1483இல் போர்த்துக்கீசியர் அங்கே கால் வைத்தபோதே அவர்களுக்கு அரசன் இருந்தான், தலைநகர் இருந்தது.

அவர்களுடைய தலைவன் கையில் ஏந்தும் கோலுக்கு ‘எம்வாலா’ என்று பெயர். கோலின் முடியில் தந்தச் சிற்பம் இருக்கும். சிறிய துண்டுதான். அதில் ஒரு தலைவன் அமர்ந்து வேர் ஒன்றைக் கடித்துக்கொண்டிருப்பான். சிலவற்றில் ஒரு பெண் மண்டியிட்டிருப்பாள். அந்த வேர் ‘முன்குவிசா’ என்னும் செடியுடையது. தலைமைக்குரிய ஆற்றலின் அடையாளம். சில சிற்பங்களில் உள்ளே துளையிட்டு மருந்துப் பொருள்களை அடைத்து வைப்பார்கள். கோயிலில் மூலவரின் பீடத்தில் அட்டபந்தன மருந்து சாத்தும் நமக்கு இது ஒன்றும் விந்தையாகத் தோன்றாது. மாண்டவர் உலகுக்கும் வாழ்வோர் உலகுக்கும் நடுவே நிற்பவன் தலைவன் என்பது அவர்கள் கொள்கை. கோல் முன்னோரிடமிருந்து அவனுக்கு வந்தது. அவனுக்குப் பின் வருபவனுக்குப் போக வேண்டியது. ஆகவே அதைப் பிடித்தவன் உயிரோடிருக்கும் குடிகளுக்கு மட்டுமன்றி, இறந்துபோனவர்களுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

பழந்தமிழில் தந்தத்துக்குக் ‘கோடு’ என்றும் பெயருண்டு. கோடுதல் என்றால் வளைதல், நடுநிலை தவறுதல். பிறவியிலேயே வளைந்த ஒரு பொருளிலிருந்து செங்கோலுக்கு முடி செதுக்கியவர்கள் அந்த மக்கள் என்று எண்ணும்போது எனக்கு ஏனோ மகிழ்ச்சி உண்டாகிறது.

அந்தக் கோல்களுள் பல இன்று ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நிற்கின்றன. எப்படிப் போயின? வணிகர் சிலவற்றை வாங்கினர். பாதிரிமாரும் அதிகாரிகளும் சிலவற்றைப் பறித்தனர். 1885 முதல் 1908 வரை காங்கோ பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் சொந்தச் சொத்துப்போல் இருந்தது. இரப்பர் வெறி மூளும் முன் அங்கிருந்து அள்ளிய பெருஞ்செல்வம் தந்தமே. ஆண்ட்வெர்ப் துறைமுகம் உலகின் பெரிய தந்தச் சந்தையாயிற்று. 1897இல் பிரஸ்ஸல்ஸ் அருகே டெர்வூரனில் லியோபோல்டு ஒரு பொருட்காட்சி நடத்தினான். காங்கோத் தந்தத்தைப் பெல்ஜியச் சிற்பிகளுக்குக் கொடுத்துச் சிலைகள் செய்து வைத்தான். வேடிக்கை காட்ட 267 காங்கோ மக்களையும் கொண்டுவந்து நிறுத்தினான். அவர்களுள் 7 பேர் அங்கேயே மாண்டனர்.

துறைமுகத்துக்கு அருகே வாழும் நமக்குச் சரக்கைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டா. இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும், வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைக் கடந்துதான் கல்லூரிக்கு வருகிறோம். ஷிப்பிங் பில்லில் அனுப்புபவர் பெயர் இருக்கும். பெறுபவர் பெயர் இருக்கும். எடையும் மதிப்பும் இருக்கும். சரக்கு எப்படிக் கைக்கு வந்தது என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அருங்காட்சியகப் பெயர்ப்பலகையும் பெரும்பாலும் இத்தகைய பில்தான்.

ஆனால் காங்கோக் கடற்கரையில், லுவாங்கோவில், சில சிற்பிகள் அந்தக் கட்டத்தைத் தாங்களே நிரப்பிவிட்டார்கள்! 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையருக்கு விற்பதற்காக அவர்கள் செதுக்கிய முழுத் தந்தங்களைச் சுற்றி ஊர்வலம்போல் உருவங்கள் ஏறிச் செல்லும். அவற்றில் சுமை தூக்குவோர் இருப்பர். கழுத்தில் விலங்கிட்டு இழுத்துச் செல்லப்படும் அடிமைகளும் இருப்பர். வாங்கியவர்கள் அதை வீட்டுக் கூடத்தில் அழகுக்கு வைத்தார்கள்.

திருவிதாங்கூர்ச் சிம்மாசனத்தில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. அதைக் காலவரிசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். 1795இல் கும்பினியோடு உடன்படிக்கை. 1805இல் இன்னொன்று, கப்பம் ஏறியது, கும்பினிப் படை நிலைத்தது, உள்நாட்டு ஆட்சியிலும் அவர்கள் சொல் ஓங்கியது. 1809இல் வேலுத்தம்பி தளவாய் எதிர்த்துப் போரிட்டு உயிர் நீத்தார். சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்துச் சிம்மாசனம் கப்பலேறியது.

மன்னர் மனமுவந்து அனுப்பினார், தம் நாட்டுக் கைவினைஞரின் திறத்தை உலகறியச் செய்தார் என்று நண்பர்கள் வாதிடலாம். இருக்கலாம். பேழை அனுப்பியிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். அனுப்பியது சிம்மாசனம் ஆயிற்றே! தம் முத்திரை பொறித்த அரியணையில் இன்னொருவரை அமரச் சொல்வதற்கு என்ன பொருள்? ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியர் வகுத்து வைத்திருக்கிறார். கேட்பவன் தாழ்ந்தவனானால் ‘ஈ’ என்பான்; ஒத்தவன் ‘தா’ என்பான்; உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். இலண்டன் வாய் திறந்து கேட்டதோ இல்லையோ, 1805க்குப் பிறகு அதன் வாயில் வரக்கூடிய சொல் ‘தா’ அன்று.

பரிசா, ஆட்சியின் அடையாளமா என்னும் வினா நமக்குப் புதிதன்று. 1947இல் சென்னையில் செய்து நேருவிடம் அளித்த செங்கோலை 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் வைத்தபோது இதே வாதம் நாடெங்கும் நடந்தது.

சிம்மாசனம் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கு அதில் அமர எவருமில்லை, அமரவும் வேண்டா. காங்கோக் கோல்களின் நிலை வேறு. அவற்றுக்கு உரியவர்கள் அந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். அவை அவர்களுடைய முன்னோர். பத்தூர் நடராசர் 1991இல் இலண்டனிலிருந்து வந்தபோதும், ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தபோதும் மகிழ்ந்த நாம், அவர்கள் கேட்கும்போது வாளாவிருப்பது முறையா? 2022 சூனில் பெல்ஜியம் திருப்பியளித்த ஒன்று உலகச் செய்தியாயிற்று. 1961இல் கொல்லப்பட்ட காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பாவின் உடலில் எஞ்சியிருந்த ஒரு பல்! தந்தம் என்றாலும் பல் என்றுதானே பொருள்.

நம் வரலாற்றுத்துறை மாணவர் மன்றம் விண்ட்சருக்கு ஒரு கடிதம் எழுதலாம். சிம்மாசனத்தின் பெயர்ப்பலகையில் மன்னர் பெயரோடு 1795, 1805 என்னும் ஆண்டுகளையும் அவை நிகழ்த்தியவற்றையும் சேருங்கள் என்று கேட்கலாம். நகல் ஒன்று டெர்வூரனுக்கும் போகட்டும். அஞ்சற்செலவை மன்ற நிதியிலிருந்து எடுத்துக்கொள்ள முதல்வர் அவர்கள் இசைவளிப்பார் என்று நம்புகிறேன்.