தடங்கலுக்கு வருந்துகிறோம்

தூர்தர்ஷன் காலத்தில் நிலக்கோட்டை மொட்டை மாடிகளில் ஆன்டெனாக்கள் கொடைக்கானல் மலையைப் பார்த்து நிற்கும். படம் புள்ளி புள்ளியாகப் போனால் வீட்டில் ஒருவர் மாடி ஏறித் திருப்புவார். கீழே இருந்து "இன்னும் கொஞ்சம்... ஆங்... போச்சு போச்சு!" என்று குரல் வரும். ஆனால் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டை வந்துவிட்டால் யாரும் மாடி ஏற மாட்டார்கள். கோளாறு நிலையத்தில், வீட்டு ஆன்டெனாவில் இல்லை என்று குழந்தைக்கும் தெரியும்.

தமிழில் வந்த பிழைச்செய்திகளிலேயே சிறந்தது அதுதான். இரண்டே சொல். தப்பு யார் பக்கம் என்று சொன்னது, வருத்தமும் தெரிவித்தது.

இன்றைய இணையதளங்கள் பலவும் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. இத்தனைக்கும் பாதி வேலை முடிந்தே கிடக்கிறது. வழங்கி அனுப்பும் எண் 4-ல் தொடங்கினால் கேட்டதில் சிக்கல், 5-ல் தொடங்கினால் வழங்கியில் சிக்கல். 404 என்றால் அந்த முகவரியில் ஒன்றும் இல்லை. 410 என்றால் முன்பு இருந்தது, எடுத்தாயிற்று. 503 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. எத்தனை நொடி கழித்து வரலாம் என்பதையும் கூடவே சொல்ல வழி இருக்கிறது. தூர்தர்ஷன் அட்டையில் இல்லாத வசதி! இவ்வளவையும் உலாவிக்குச் சொல்லிவிட்டு, மனிதருக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரு எண்ணைக் காட்டினால் என்ன நியாயம்?

நினைத்துப் பாருங்கள். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். விடியற்காலையில் பூ மார்க்கெட் வேலையை முடித்த கையோடு அப்பா மகளை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டி வருகிறார். பணம் கட்டும் இடத்தில் "எர்ரர் 500". "என்னம்மா தப்பா அடிச்ச?" என்கிறார் அப்பா. அவள் எதையும் தப்பாக அடிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல அந்தத் திரையில் ஒரு வரி இல்லை. பணம் போனதா, விண்ணப்பம் சேர்ந்ததா, மறுபடி கட்டலாமா? எதற்கும் பதில் இல்லை. இது ஆன்டெனாவைத் திருப்பும் வேலைதான், கைக்காசு போகும் பயத்தோடு.

சிலர் 404 பக்கத்தில் வடிவேலு படம் போட்டுவிட்டு, நட்பாக வடிவமைத்துவிட்டோம் என்கிறார்கள். பொழுதுபோக்குத் தளத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். கடைசி நாளில் வடிவேலு சிரித்தால் எரிச்சல்தான் வரும். இன்னும் சிலர் பிழையே காட்டாமல் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வத்தலக்குண்டு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டவரை, பதில் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டு வாசலில் கொண்டுபோய் விடுவது மாதிரி. (கூகுள் இதற்கு 'சாஃப்ட் 404' என்றே பெயர் வைத்திருக்கிறது.)

நல்ல முன்மாதிரியும் தமிழிலேயே இருக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இல்லாத தலைப்பைத் திறந்தால், கட்டுரை இல்லை என்று தமிழில் சொல்கிறது, வேறு பக்கங்களில் தேட வழி காட்டுகிறது, விருப்பமிருந்தால் நீங்களே எழுதுங்கள் என்றும் அழைக்கிறது.

விண்ணப்பத் தளத்துக்கு இவ்வளவுகூட வேண்டாம். "கோளாறு எங்கள் பக்கம். பணம் எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தால் மறுபடி கட்ட வேண்டாம். அரை மணி நேரம் கழித்து இதே முகவரிக்கு வாருங்கள்." கீழே ஒரு தொலைபேசி எண். அதை யாராவது எடுக்கவும் வேண்டும், அது வேறு விஷயம்!